கார்லா மேடையேறாத வெள்ளிக்கிழமை

ஏரிக்கப்பல் எட்வின் ஜி. ஹோல்ம்
ஹூரன் ஏரி
ஏப்ரல் 4, 1986

அன்பு மகள் கார்லாவுக்கு,

அப்பா நலம். இடுப்பு மட்டும் நலமில்லை. இந்த வருடம் கப்பலேறிய நாளிலிருந்தே அது என்னோடு பேசுவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வியோலா அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பள்ளித் தாள் டெட்ராய்ட்டில் தபால் படகு வழியாக வந்து சேர்ந்தது. கயிற்றில் கட்டிய வாளியில் மேலேறி வரும்போது பாதி நனைந்துவிட்டது. மீதியில் நான் கிரேவியைக் கொட்டினேன். "கடைசி வருட மாணவர்களிடம் எதிர்பார்க்கும் நடத்தை" என்று தலைப்பு, அதன் கீழே இரண்டு பக்கத்துக்கு எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மீறினால் பட்டமளிப்பு மேடையில் நடக்க விடமாட்டோம், சான்றிதழை ஆபீசில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுவரை புரிந்தது. அதற்குமேல் படிக்க எனக்குக் கண்ணும் இல்லை, படிப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

போன வருடப் பிள்ளைகள் தலைமை ஆசிரியரின் மேசை இழுப்பறை முழுக்க ஸ்மெல்ட் மீனை நிரப்பி வைத்துவிட்டுப் போன கதை கப்பல்வரை வந்தது. கோடை முழுக்க அறை நாறியதாமே. நீ அந்த மாதிரிக் கூட்டத்தில் சேரமாட்டாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று இரண்டாம் முறையும் எழுதிவைக்கிறேன்.

நம் வீட்டில் இதுவரை யாரும் அந்த மேடையில் நடந்ததில்லை. நான் பத்தாவதோடு கப்பலேறிவிட்டேன். அத்தை கல்யாணம் செய்துகொண்டாள். உன் அம்மா இருந்திருந்தால் அவளே தைத்த கவுனில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஜூன் ஆறாம் தேதிக்கு நான் கேப்டனிடம் லீவு கேட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு காட்சிதான்.

எழுது. போனில் கூப்பிட்டால் "ம்", "சரி", "அத்தைகிட்ட தரேன்" என்பதோடு முடித்துவிடுகிறாய்.

உன் அப்பா,
ஆர்னி ஹவுடாலா

*

டுலூத்
ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ரேடியோவைவிடச் சரியாக இருக்கிறது. உங்கள் இடுப்புக்குச் சூடான துண்டு போடுங்கள்.

கையெழுத்துத் தாளைக் கொடுத்துவிட்டேன். தலைமை ஆசிரியர் ஸ்டென்சன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது என்ன கறை?" என்றார். "கிரேவி, சார். அப்பா கப்பல்ல சமையல்காரர்." நம்பினமாதிரி தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் எங்கள் வகுப்பில் யாரையுமே நம்புவதில்லை. நாங்கள் ரெண்டு பேர் சேர்ந்து சிரித்தால் மூன்றாவதாக அவர் வந்து நிற்கிறார்.

ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்மெல்ட் வலையும் ரப்பர் பூட்ஸும் எங்கே இருக்கின்றன? கார் ஷெட்டில் காணவில்லை. அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் சீக்கிரம் எழுதினால் நல்லது.

அன்புடன்,
கார்லா

*

சூபீரியர் ஏரி
ஏப்ரல் 22

அன்பு மகள் கார்லாவுக்கு,

நான் நலம் என்று எழுத ஆரம்பித்தேன். உன் கடிதத்தைத் திரும்பப் படித்த பிறகு அவ்வளவு நலமில்லை.

வலை எதற்கு? அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் என்றால் என்ன அர்த்தம்? உனக்கு மீன் வாசனையே ஆகாதே. பத்து வயதில் என் தொப்பியில் ஒரே ஒரு மீன் இருந்ததற்கு மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. கூட யார் வருகிறார்கள்? அவர்களின் அப்பாக்களை எனக்குத் தெரியுமா? உங்கள் தலைமை ஆசிரியரின் மேசைக்கு எத்தனை இழுப்பறை என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் ஏன் தெரியும்?

வலை ஷெட்டின் உத்தரத்தில் தொங்குகிறது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் வேறெங்காவது இரவல் வாங்குவாய். அந்த வீட்டிலும் என் பேர் கெடும்.

இப்போது நல்ல செய்தி. வழக்கமாக மார்க்கெட் என்ற துறைமுக ஊரில் இரும்புத் தாது ஏற்றுகிறவர்கள் இந்தத் தடவை டுலூத்துக்கு வருகிறோம். மே ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிவாக்கில் தூக்குப் பாலத்துக்கு அடியில் நுழைவோம். கரையில் இறங்க முடியாது. ஏற்றுகிற நேரத்தில்தான் எல்லோருக்கும் பசிக்கும், சமையல்காரன் நகர்ந்தால் கொலை விழும். நீ கால்வாய்க் கரையில் வந்து நின்றால் போதும், அவ்வளவு பக்கத்தில் போவோம். மார்ச்சிலிருந்து உன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பின்தளத்தில் ஏப்ரனோடு நிற்பேன்.

வருவாய்தானே?

அப்பா

*

டுலூத்
ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

மீனை அத்தை மாவில் புரட்டிப் பொரித்து, தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்காகத்தான் வலை கேட்டேன். சந்தேகம் இருந்தால் அவளையே கேளுங்கள். இன்னும் ஏப்பம் விடுகிறாள். இழுப்பறை எத்தனை என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமையா? தேதி மாறாதே?

சரி. வருகிறேன்.

கார்லா

*

ஈரி ஏரி
மே 12

என் தங்கத்துக்கு,

இடுப்பு, முழங்கால் எல்லாவற்றையும் இன்று விட்டுவிடுவோம். எல்லோரும் நலம்.

நீ அந்த மஞ்சள் கோட்டில் நின்றதைப் பாலத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். இரண்டு கையையும் ஆட்டியதில் கரண்டி ஏரிக்குள் போய்விட்டது. கப்பலின் சொத்து, கேப்டனிடம் இன்னும் சொல்லவில்லை. "முடி வெட்டிக்கிட்டியா?" என்று நான் கத்தினேன், நீ "என்னது?" என்றாய். "முடி!" என்றேன். "சாப்பிட்டேன்!" என்றாய். இவ்வளவு நல்ல பேச்சை நான் வருடக்கணக்கில் யாரோடும் பேசியதில்லை. அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டிலும் உப்பு இல்லை. ஆனாலும் எல்லோரும் தட்டைக் காலி செய்தார்கள்; என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. கரையில் தனியாக நின்றாய். கூட ஒரு சிநேகிதிகூட இல்லை. அடிக்கடி தெருப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். யாராவது வரவேண்டி இருந்ததா? வரக்கூடாத யாராவது?

கேப்டன் லீவு கொடுத்துவிட்டார். மாற்றுச் சமையல்காரர் கிடைத்துவிட்டார். கேமராவும் வாங்கியாயிற்று. பட்ட அங்கி என்ன நிறம் என்று எழுது. அதற்கு எடுப்பாக ஒரு டை கட்டலாம் என்று இருக்கிறேன். கட்டத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்.

உன் அப்பா

*

டுலூத்
மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் அத்தையும் நலமே.

பட்டமளிப்புக்கு நீங்கள் வரவேண்டாம் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ரொம்ப நீளம், வெறும் பலகையில் உட்காரவேண்டும், உங்கள் இடுப்பு தாங்காது. பேர் படிப்பார்கள், கை தட்டுவார்கள், அவ்வளவுதான். லீவை மான் வேட்டைக் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் அப்போது உபயோகமாகும்.

தெருப்பக்கம் யாரையும் பார்க்கவில்லை. காற்று அடித்தது.

தங்கள் மகள்,
கார்லா

*

மிஷிகன் ஏரி
மே 24

அக்கா வியோலாவுக்கு,

உன் முழங்கால் சுகமா? என் சுகத்தைக் கேட்காதே.

கார்லா என்னை வராதே என்று எழுதியிருக்கிறாள். இருக்கட்டும். "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாள், அக்கா! பிறந்ததிலிருந்து அந்தப் பெண் என்னைத் தாங்கள் என்று சொன்னதில்லை. ஏதோ நடந்திருக்கிறது. அங்கியின் நிறத்தைக் கேட்டதற்கும் பதில் இல்லை.

சமையலறையில் இந்தப் பேச்சை நான் எடுத்திருக்கக்கூடாது. சுக்கான் பிடிக்கும் லெஸ்டர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "பொண்ணு வராதேன்னு எழுதினா ஒரே அர்த்தம்தான் ஆர்னி. பையன்" என்றான்.

"பையன்னா நான் வந்து பார்க்கட்டுமே."

"நீ பார்க்கக்கூடாத பையன்."

எந்திர அறை மர்ஃபி அதைவிட மோசம். "அதெல்லாம் இல்லய்யா. உன்னைக் கொண்டுபோய் பிரெண்ட்ஸ் முன்னாடி நிறுத்த அதுக்குக் கூச்சம். நீ சிரிச்சா பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு. டை வேற கட்டுறேங்கற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்திரம் உருள்கிற மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. பையன் என்றால் சமாளிக்கலாம். இழுப்பறை மீன் என்றால்கூடச் சமாளிக்கலாம். என்னைப் பார்த்துக் கூச்சம் என்றால் என்ன செய்வது? நான் வேறு ஆளாக வர முடியாதே.

உனக்குத் தெரியும். உன் கடிதத்தில் முழங்காலைத் தவிர வேறெதுவுமே இல்லாததிலிருந்தே உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது. சொல்லிவிடு.

தம்பி ஆர்னி

*

டுலூத்
மே 28

டேய் ஆர்னி,

நான் நல்லாத்தான் இருக்கிறேன். சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை இப்போது உடைக்கிறேன். உன் கூட்டாளிகள் உன் தலையில் இன்னும் என்னென்ன கொட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பையனும் இல்லை, மீனும் இல்லை. நீதான்.

நீ கையெழுத்துப் போட்டாயே, அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் மே ஒன்பதாம் தேதி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை கடைசி வருடப் பிள்ளைகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வகுப்புக்குப் போகாமல் ஏரிக்கரையில் பீர் குடிக்கப் போவார்கள். இந்த வருடம் அன்றைக்கு வராதவர்கள் மேடை ஏறக்கூடாது என்று ஸ்டென்சன் விதி போட்டுவிட்டார். கப்பலை வேறு தேதிக்கு மாற்ற உன்னால் முடியாது, அது எனக்குப் புரிகிறது. தாளைப் படித்திருக்கலாம்.

அவள் திருட்டுத்தனமாகப் போகவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "அப்பா கப்பல் வருது சார். ஒரு மணி நேரம் போதும்."

"அதே வெள்ளிக்கிழமையா?"

"ஆமா சார்."

"அதே காலையிலயா?" என்று கேட்டவர், "போன வருஷம் அதே வெள்ளிக்கிழமை பதினோரு பேருக்குப் பல்வலி வந்துச்சும்மா. இந்த வருஷம் கப்பலா?" என்றாராம். முடியாது என்று சொல்லிவிட்டார். தெரிந்தேதான் போனாள். யாராவது வாத்தியார் வருகிறாரா என்றுதான் தெருவைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் என்னை அழைத்தார்கள். காய்ச்சல் என்று நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக ஆபீஸ் அம்மாள் கண்ணைக் காட்டினாள். நான் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவைப் பார்க்கப் போனதுக்கு நான் காய்ச்சல்னு பேர் வைக்கமாட்டேன் அத்தை."

"சரி, அவன்கிட்டயாவது சொல்லு" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"அவர் கை ஆட்டினதை நீங்க பார்த்திருந்தா சொல்லச் சொல்லமாட்டீங்க. இது தெரிஞ்சா அடுத்த தடவை ஒழுங்கா ஆட்டமாட்டார்."

போதுமா? கூச்சமாம், கூச்சம். மர்ஃபியின் சாப்பாட்டில் ஏதாவது போடு.

வியோலா

*

சூ செயின்ட் மரீ
மே 31

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஸ்டென்சன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் கார்லா ஹவுடாலாவின் தகப்பன். கிரேவி கொட்டியவன். மே ஒன்பதாம் தேதி அவளைக் கால்வாய்க்கு வரச்சொன்னது நான். உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்காமல் விட்டதும் நான். ஆகவே மீறினது என் கையெழுத்து, அவள் கையெழுத்து இல்லை. அவள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. கப்பல் வந்தது, வந்த நேரம் பாலத்துக்காரரின் புத்தகத்தில் இருக்கும். அவளுக்கு அன்று காய்ச்சல் எதுவும் இல்லை.

எனக்கு ஏதாவது தண்டனை உண்டென்றால் ஒத்துக்கொள்கிறேன். தரை துடைப்பேன், இருநூறு பேருக்குச் சமைப்பேன். அவளை நடக்க விடுங்கள்.

பணிவுடன்,
ஆர்னி ஹவுடாலா

*

டுலூத்
ஜூன் 4

திரு. ஹவுடாலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் சகோதரியின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

பாலத்தில் விசாரித்தேன். தங்கள் மகள் சொன்னது உண்மை. அன்று நான் அவளை நம்பவில்லை, அது என் தவறு. ஆனால் நான் மறுத்த பிறகும் அவள் போனாள். ஏரிக்கரைக்குப் போன மற்றப் பிள்ளைகளும் நடக்கப்போவதில்லை. அவர்களின் பெற்றோரும் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கே முப்பது தகப்பன்மார் கப்பலில் இருப்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் நிஜமாகவே இருக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

தாங்கள் குடும்பத்துடன் பார்வையாளராக வரலாம். தங்கள் உடல்நலம் சிறக்க வாழ்த்துகள்.

ஸ்டென்சன்

*

டுலூத்
ஜூன் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

பஸ்ஸில் சூ செயின்ட் மரீ போய்க் கப்பலைப் பிடித்துவிட்டீர்களா? இடுப்பு எப்படி? பலகை பற்றி நான் எழுதினது அந்த அளவுக்குப் பொய்யில்லை, பார்த்தீர்களா.

நேரில் ஒரு விஷயம் கேட்க நினைத்தேன். நீங்கள் இருந்த மூன்று நாளும் கேட்கப்போகும்போதெல்லாம் பான்கேக் சுடப் போய்விட்டீர்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

மைதானத்தின் வாசலில் பையெல்லாம் சோதித்தார்கள். டீச்சர் உங்களைப் பார்த்து, "கோட்டுக்குள்ள என்ன சார்?" என்றதும், "அது நான்தான் மேடம், வயசாயிடுச்சு" என்றீர்கள். வரிசையே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் என்னவோ சாதாரண டிரஸ்ஸில் உங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டிவிடலாம் என்றுதான் வந்தேன்.

அகரவரிசையில் என் பேர் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மூச்சு இடைவெளியாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஸ்டென்சன் "ஹார்யு, பீட்டர்" என்றார், உடனே "ஹெட்லண்ட், சூசன்" என்றார். இடைவெளியே இல்லை. நான் அந்தப் பள்ளியில் இருந்ததே இல்லை என்கிற மாதிரி. அப்போதுதான் அழுகை வந்தது. நீங்கள் பார்த்தீர்கள் என்று தெரியும். பார்க்காத மாதிரி இருந்ததற்கு நன்றி.

ஆனால் அப்பா, ஹெட்லண்ட் என்றதும் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். துறைமுகத்தைப் பார்த்தீர்கள். மறுபடி கடிகாரம். "என்னடா, பாத்ரூம் போகணுமா?" என்று அத்தைகூடக் கேட்டாள். "இல்லக்கா, காத்து நல்லா இருக்கு" என்றீர்கள். காற்றே அடிக்கவில்லை.

அப்புறம் எத்தனையோ பேர் தள்ளி, ஸ்டென்சன் "நைகார்ட், டக்ளஸ்" என்று வாயைத் திறந்தார். கீழே துறைமுகத்திலிருந்து உங்கள் கப்பல் ஊத ஆரம்பித்தது. மலைச்சரிவு முழுக்க அதிர்ந்தது. நீளமாக ஊதி, நிறுத்தி, மறுபடி ஊதி. பாலம் தூக்கச்சொல்ல யாரும் அப்படி ஊதி நான் கேட்டதில்லை. பாவம் டக்ளஸ், போகலாமா வேண்டாமா என்று ஒற்றைக் காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் தொப்பி விழுந்தது. அவன் அம்மா எழுந்து கப்பலைப் பார்த்து, "கொஞ்சம் பொறுக்கக்கூடாதா!" என்று கத்தினாள். நான் மே மாதத்திலிருந்து சிரிக்கவே இல்லை, அன்று மூச்சு முட்டச் சிரித்தேன். ஸ்டென்சன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வரிசையைத்தான் பார்த்தார். நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திங்கட்கிழமை சான்றிதழ் வாங்க ஆபீசுக்குப் போனேன். அவரே கொண்டுவந்து கொடுத்தார், கை குலுக்கினார். "அன்னிக்கு உன்னை நம்பியிருக்கணும்" என்றார். அப்புறம் கையை விடாமலே, "அந்தக் கப்பலைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"உங்கப்பாவுக்கு?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

அதனால் கேட்கிறேன். டக்ளஸின் அம்மாவும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கார்லா

*

ஹூரன் ஏரி
ஜூன் 19

அன்பு மகள் கார்லாவுக்கு,

அப்பா நலம், இடுப்பும் நலம். அத்தைக்கு என் விசாரிப்புகள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொல். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், நம் குடும்பத்துக்கு கிரேவி ஆகாது.

நீ எதைப் பற்றிக் கேட்கிறாய் என்றே புரியவில்லை. கப்பல் என்றால் ஊதும். அதற்குத்தான் ஊதுகுழல் வைத்திருக்கிறார்கள். நானோ அன்றைக்கு லீவில் இருந்தவன், உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அதற்கு நீயே சாட்சி. சமையல்காரனுக்கும் ஊதுகுழலுக்கும் என்ன சம்பந்தம்? கேப்டனுக்கு இப்போது தினமும் ஆப்பிள் பை பலகாரத்தில் இரட்டைத் துண்டு போகிறது என்று மர்ஃபி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். கேப்டன் மெலிந்திருக்கிறார், அதனால் கொடுக்கிறேன். மர்ஃபிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். மனிதனுக்கு அவ்வளவு சந்தேகம் கூடாது.

தலைமை ஆசிரியரிடம் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். டக்ளஸின் அம்மாவிடம் நான் வருந்துவதாகச் சொல். வேண்டாம், வருந்துவதாகச் சொல்லாதே; எதற்கு என்று கேட்பாள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அப்பா,
ஆர்னி

பி.கு.: உங்கள் ஸ்டென்சன் எதற்காக அவ்வளவு வேகமாகப் பேர் படிக்கிறார்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை படிக்கிற பேர், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படித்தால் என்ன? இப்படி ஓடுவார் என்று யாரும் கேப்டனிடம் சொல்லவில்லை.